ஊதா வெளிச்சம் எரியும் வீடு

கிங்ஸ்பரி
9 நவம்பர் 2024

தங்கச்சி நகுலேஸ்வரிக்கு,

உனக்குப் போன் எடுத்தால் ஒரு தரம் மணி அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. என் இலக்கத்தை நீ மறித்து வைத்திருக்கிறாய் என்று என் சின்ன மகன் சொன்னான். அறுபத்தாறு வயதில், ஒரே லண்டனுக்குள் இருக்கிற தங்கச்சிக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போட வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை. இதையாவது திறந்து வாசி.

பரமேஸ்வரன் மச்சானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று எல்லாருக்கும் முன்னால் நீ கேட்டதை நான் மனதில் வைத்திருக்கவில்லை. "நகுலேஸ் இனி எங்களோடதான்" என்று நான் சொன்னது தமையன் என்ற முறையில். நீ பரிமாறிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?" என்றாய். துக்கத்தில் இருப்பவள் என்று சபையும் பொறுத்தது, நானும் பொறுத்தேன்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு தூரம் வந்து உன் வாசலில் நின்றபோது கதவை அரைவாசிதான் திறந்தாய். உன் தோளுக்கு மேலால் பார்த்தேன். ஹோலில் நீளச் செற்றிக் கதிரை இருந்த இடத்தில் இரும்புத் தட்டுகள். மூலையில் மண் மூட்டைகள். கூரை முழுக்க ஊதா வெளிச்சம். பிள்ளைகள் இல்லாத பெண், ஐம்பத்தெட்டு வயது, புருஷன் போய் மூன்று மாதம் ஆகவில்லை, குளிர் காலத்தில் வீட்டுக்குள் மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறாள் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

இங்கே மேல் அறைக்கு வெள்ளை பூசிப் புதுக் கட்டிலும் போட்டாயிற்று. உன் மச்சாள் மங்கலத்துக்கு இடுப்பு ஒப்பரேசன் முடிந்து நாலு கிழமை. அவளால் படி ஏற ஏலாது. நீ வந்தால் உனக்கும் பாதுகாப்பு, அவளுக்கும் துணை. டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முதல் வா. நான் வான் கொண்டு வருகிறேன்.

உன் அண்ணன்,
சண்முகராசா

•

பார்க்கிங்
16 நவம்பர் 2024

அண்ணைக்கு,

கடிதம் வாசித்தேன். நான் வரமாட்டேன்.

இத்தோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "மண்ணைக் கொட்டி வைத்திருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே விட மனம் வரவில்லை.

அந்தச் செற்றியில்தான் அவர் கடைசிப் பதினொரு மாதமும் படுத்திருந்தார். அவர் போன பிறகு நான் ஹோலுக்குள் கால் வைப்பதில்லை. பாடசாலைச் சமையல் குசினியில் வேலை முடிந்து வந்தால் நேரே படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நீங்கள் எல்லாரும் போன் எடுத்து "சாப்பிட்டியா?" என்று கேட்டபோது "ஓம், சாப்பிட்டிட்டன்" என்று சொன்னதெல்லாம் பொய்.

அவருடைய சீனி வருத்தத்துக்கு நான் தினமும் வெந்தயம் ஊறப்போடுவது உங்களுக்குத் தெரியும். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் காலை பார்த்தால், கைப்பழக்கத்தில் அன்றைக்கும் ஊறப்போட்டிருக்கிறேன். குடிக்க ஆள் இல்லை. கொட்டவும் முடியவில்லை. ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் கொஞ்சம் மண் போட்டு மேலே பரப்பி யன்னலடியில் வைத்தேன். மூன்றாம் நாள் பச்சை. எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு கிழமையில் எல்லாம் வெளிறி, நூல் மாதிரி நீண்டு, யன்னல் பக்கம் சரிந்து விழுந்துவிட்டன. வடக்குப் பார்த்த யன்னல். அந்த மாதத்தில் லண்டனில் இருக்கிற வெளிச்சம் அவ்வளவுதான்.

லண்டனுக்கு வர முதல் நானும் அவரும் நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த ஊரில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாது. பக்கத்து வீட்டுக்காரி அலுமாரிக்குள் விளக்கைப் போட்டுச் சலாது இலை வளர்த்துச் சாப்பிட்டாள். அது நினைவு வந்தது. செற்றியைத் தூக்கிக் கொடுத்தேன். அந்த இடத்தில் மூன்று இரும்பு அடுக்கு, அடுக்குக்கு அடுக்கு விளக்கு, ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சின்ன மண் தட்டுகள். காலை ஆறு மணிக்குத் தானாக எரியும், இரவு எட்டு மணிக்குத் தானாக அணையும்.

வெந்தயம், கொத்தமல்லி, வெங்காயத்தாள், புதினா, பசளிக்கீரை, பச்சை மிளகாய். மல்லி விதையை முழுசாகப் போட்டால் பாதிதான் முளைக்கும். உருட்டுக்கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து போட வேண்டும். முதல் தட்டு மல்லியைத் தண்ணீர் விட்டே கொன்றேன். மேல்மண் ஈரமாக இருந்தால் ஈ மாதிரிக் குட்டிக் கறுப்பு இலையான்கள் பறந்து வந்துவிடும். இப்போது தட்டுக்குக் கீழால்தான் தண்ணீர் காட்டுகிறேன். போன சனிக்கிழமை முதல் தரம் வெந்தயக்கீரை வெட்டினேன். வறை வறுத்துச் சோற்றோடு சாப்பிட்டேன், அண்ணை. இரண்டு கோப்பை சோறு. இது பொய் இல்லை.

பாதுகாப்பு என்கிறீர்கள். மச்சாளுக்குப் படி ஏற ஏலாது, உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றத் தெரியாது. உங்களுக்கு வேண்டியது வீட்டுக்கு ஒரு ஆள். அதை நேராகக் கேட்டிருந்தால் கிழமைக்கு இரண்டு நாள் வந்து சமைத்துத் தந்திருப்பேன். அனாதை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போக நினைத்தால் வரமாட்டேன். அறைக்கு வேறு நிறம் பூசினாலும் வரமாட்டேன்.

நகுலேஸ்

•

கிங்ஸ்பரி
23 நவம்பர் 2024

நகுலேஸ்வரி,

தேத்தண்ணியைப் பற்றி எழுதியதை மங்கலத்துக்குக் காட்டவில்லை. அவள் கவலைப்படுவாள்.

நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கு விளங்கியது ஒன்றுதான். பதினாலு மணித்தியாலம் விளக்கெரித்து, கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிற மல்லி இலையை நீ வீட்டுக்குள் வளர்க்கிறாய். அது வேலை இல்லை. அது ஒரு வியாதி. வயர் சூடாகி நெருப்புப் பிடித்தால் யார் ஓடி வருவது? சுவரில் ஈரம் ஏறி நெஞ்சுச் சளி வந்தால் யார் பார்ப்பது?

உனக்கு இப்போது எது நல்லது என்று தெரிகிற நிலை இல்லை. தெரிந்தவன் செய்ய வேண்டியதைச் செய்வான். பிறகு நீயே என்னைக் கும்பிடுவாய்.

சண்முகராசா

•

பார்க்கிங்
5 டிசம்பர் 2024

அண்ணைக்கு,

போன வியாழக்கிழமை பின்னேரம் மூன்றரை மணி. வேலையால் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ பலமாகத் தட்டினார்கள். திறந்தால் பொலிஸ். ஒரு ஆணும் ஒரு பெண்ணும்.

"வீட்டுக்குள் செடி வளர்க்கிறீர்களா?" என்று பொலிஸ்காரி கேட்டாள்.

"ஓம், வளர்க்கிறன்."

"எத்தனை?"

"முப்பத்தொரு தட்டு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாம் மாடி யன்னலில் இரவு பகலாக ஊதா வெளிச்சம், கஞ்சா வளர்க்கிறார்களோ தெரியாது என்று யாரோ அறிவித்திருக்கிறார்கள். உள்ளே வந்து பார்க்கலாமா என்றார்கள்.

"சப்பாத்தைக் கழட்டினால் பார்க்கலாம்" என்றேன்.

கழற்றினார்கள், அண்ணை. அவ்வளவு உயரமான மனிதர் என் வாசலில் ஒற்றைக்காலில் நின்று சப்பாத்துக் கயிறு அவிழ்த்தார். ஹோலுக்குள் வந்து அந்தப் பொலிஸ்காரி குனிந்து ஒரு இலையைக் கிள்ளி மணந்து பார்த்தாள். வங்காளப் பிள்ளை. "மேத்தி!" என்று வெந்தயத்துக்குத் தங்கள் பெயரைச் சொல்லிச் சத்தமாகச் சிரித்தாள். இந்தக் குளிரில் இவ்வளவு தளதளவென்று எப்படி என்று கேட்டு, விதை எங்கே வாங்குவது என்று கைப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனாள். நானும் சிரித்துக்கொண்டுதான் வழியனுப்பினேன். அவர்கள் இறங்கிப் போன பிறகு குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு எழும்பி ஹோல் திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்தேன். இனி மூடப் போவதில்லை. பார்க்கிறவர்கள் வடிவாகப் பார்க்கட்டும்.

பொலிஸ் கதை முடிந்தது. இனித்தான் என் கேள்வி.

செவ்வாய்க்கிழமை ஹவுசிங் ஒபிசிலிருந்து போன் வந்தது. இந்த வீட்டுக் குத்தகை அவர் பெயரில் இருந்தது. அதை மனைவி பெயருக்கு மாற்றும் படிவம் எல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அந்தப் பெண் கேட்கிறாள்: "நீங்கள் ஜனவரியில் வீட்டைக் கையளிக்கிறீர்கள்தானே? உங்கள் சகோதரர் சொன்னார். உங்களால் தனியாகச் சமாளிக்க முடியவில்லையாம். வீட்டுக்குள் மண் நிரப்பிச் சுவரெல்லாம் ஈரமாம்." பதினெட்டாம் திகதி பரிசோதனைக்கு ஆள் வருகிறார்கள். சுவர் கெட்டிருக்கிறது என்று எழுதினால் என் படிவத்தின் கதி என்ன என்று அவளுக்கே தெரியாதாம்.

எனக்கு இருப்பது ஒரு தமையன்தான். ஓமா இல்லையா என்று மட்டும் எழுதுங்கோ. பழமொழி வேண்டாம்.

நகுலேஸ்

•

கிங்ஸ்பரி
9 டிசம்பர் 2024

நகுலேஸ்வரி,

ஓம்.

பொலிசை நான் கூப்பிடவில்லை. அது யார் என்று எனக்குத் தெரியாது. மற்றது நான்தான்.

உன் நன்மைக்குச் செய்தேன். இப்போது உனக்குக் கோபம் வரும், வரட்டும். நீ அந்த வீட்டில் தனியாக விழுந்து கிடந்து மூன்று நாள் கழித்து யாராவது கதவை உடைப்பதைவிட உன் கோபம் எனக்குப் பெரிதில்லை.

வீட்டைக் கையளிக்கும் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர், விலாசம், திகதி எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு.

சண்முகராசா

•

பார்க்கிங்
21 டிசம்பர் 2024

அண்ணைக்கு,

உங்கள் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் நான் எழுதியிருப்பதை வாசியுங்கோ: "இந்த வீட்டில் இருப்பவள் இங்கேயே இருப்பாள்."

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அழுதேன். ஒரு மணித்தியாலம். அதன் பிறகு அழ நேரம் இருக்கவில்லை. பரிசோதனைக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

சுவரில் ஈரம் அளக்கிற கருவி ஒன்று வாங்கினேன். காலையிலும் பின்னேரமும் எல்லாச் சுவரையும் அளந்து கொப்பியில் எழுதினேன். தட்டுகளை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற மெஷின் ஒன்றைக் கீழ்வீட்டுப் பிரியந்தியிடம் இரவல் வாங்கி ஓட விட்டேன். அது இழுத்த தண்ணீரைச் செடிக்கே காட்டினேன்.

பதினெட்டாம் திகதி பத்து மணிக்கு ஒருவர் வந்தார். வாசலில் நின்று தட்டுகளைப் பார்த்தவுடனேயே முடிவெடுத்துவிட்டார்.

"இவ்வளவு செடி இருந்தால் பூஞ்சணம் வராமல் என்ன செய்யும்?"

"எங்கே பூஞ்சணம்? காட்டுங்கோ."

ஹோல் சுவர் நாலையும் அளந்தார். ஒன்றும் இல்லை. படுக்கையறைக்குப் போனார். கட்டிலுக்குப் பின்னால் சுவர் கன்னங்கரேல். "இதோ" என்றார், ஏதோ பிடித்துவிட்டது மாதிரி.

"இந்த அறைக்குள்ள ஒரு செடியும் இல்லை. செடி இருக்கிற அறை காய்ஞ்சு கிடக்கு, இல்லாத அறைதான் ஈரம். யன்னலைத் திறந்து வெளியில எட்டிப் பாருங்கோ."

பார்த்தார். கூரைப் பீலி உடைந்து, மழைத் தண்ணீர் முழுக்க அந்தச் சுவர் வழியாகத்தான் வடிகிறது. என்னவர் உயிரோடு இருந்தபோதே மூன்று தரம் அறிவித்தோம். அந்த மூன்று திகதியும் என் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பதினொரு மாதம் மூச்சு முட்டிக் கிடந்த மனிதருக்கு அந்த அறை ஆகாது என்றுதான் அண்ணை அவரை ஹோலில் செற்றியில் படுக்க வைத்தோம். உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் கேட்கவில்லை.

"இரண்டு அறையின் அளவையும் எழுதுங்கோ. பக்கத்தில் பீலியையும் எழுதுங்கோ. எழுதி முடிக்கும்வரைக்கும் நான் இதிலதான் நிப்பன்" என்று கதவடியில் நின்றேன். எழுதினார். படம் எடுத்தார். போகும்போது குரல் தணிந்திருந்தது.

முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை விளக்கு எரியும். எதிராக வந்தாலும் எரியும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். செய்தது பிழை என்று எழுத மனம் வந்தால் மட்டும் எழுதுங்கோ.

நகுலேஸ்

•

கிங்ஸ்பரி
25 ஜனவரி 2025

தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை நான் டொக்டரிடம் போய் வந்தபோது மங்கலம் வீட்டில் இல்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒரு கடதாசி: "பார்க்கிங் போறன். சோறு குக்கரில இருக்கு." போன் எடுத்தால் "நகுலேசோட நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இன்றைக்கு ஆறாம் நாள்.

அவள் எப்படி வந்தாள்? யார் கூட்டி வந்தது? கைத்தடியோடு நடப்பவள் உன் வீட்டு இரண்டு மாடியும் எப்படி ஏறினாள்? மருந்து எடுத்துக்கொண்டு வந்தாளா?

எங்கள் மகன்மாருக்குச் சொல்லவில்லை. கேட்டால் தூங்குகிறாள் என்கிறேன்.

வீடு ஒரு மாதிரி இருக்கிறது.

சண்முகராசா

•

பார்க்கிங்
30 ஜனவரி 2025

அண்ணைக்கு,

மச்சாள் சுகமாக இருக்கிறார். மருந்து கொண்டு வந்திருக்கிறார். இதை உங்கள் பயத்துக்காக முதலில் எழுதுகிறேன்.

யாரும் கூட்டி வரவில்லை. கிங்ஸ்பரியில் தானே ஏறி, வெஸ்ற் ஹாமில் ட்ரெயின் மாறி வந்தார். கீழே நின்று என் மணியை அடித்தார். நான் ஓடி இறங்கினேன். கை பிடிக்க விடவில்லை. முப்பத்திரண்டு படி. இரண்டு இடத்தில் இருந்து இளைப்பாறி ஏறி வந்து, முதலில் சொன்ன கதை இதுதான்: "எனக்குப் படி ஏற ஏலாது எண்டு ஆர் சொன்னது? டொக்டர் ஏறச் சொல்லித்தான் சொன்னவர். ஏலாது எண்டது உன்ர அண்ணர்."

உங்கள் மேசையின் இழுப்பு லாச்சியில் என் கடிதங்களையும் நான் திருப்பி அனுப்பிய படிவத்தையும் பார்த்தாராம். எல்லாம் நிரப்பிக் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்ட படிவம். "இதைப் பாத்தோடன எனக்கு என்ர கலியாணத்தில இருந்து எல்லாம் ஞாபகம் வந்திட்டுது" என்றார். நான் மேலே கேட்கவில்லை.

எனக்கு இது வசதி என்று நினைக்க வேண்டாம். ஒரு கட்டில். மச்சாள் குறட்டை விடுகிறார். தேத்தண்ணிச் சக்கையை எல்லாத் தட்டிலும் கொட்டி, நான் பாடுபட்டு விரட்டிய இலையான்களை இரண்டே நாளில் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். சண்டை பிடித்தோம். "உன்ர தோட்டமெண்டால் நீ சொல்லு, கேக்கிறன்" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் போய்விட்டது. இந்த ஹோலைத் தோட்டம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பச்சை மிளகாய் பூத்திருக்கிறது. வீட்டுக்குள் தேனீ ஏது? சின்னத் தூரிகையால் பூவுக்குப் பூ தொட்டுவிட வேண்டும். அது இப்போது மச்சாளின் வேலை. ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நிற்கிறார். ஐந்து நிமிடம்கூட நிற்க மாட்டாள் என்று நீங்கள் ஆசுபத்திரியில் சொன்னீர்களாமே. நேற்றுத் தடியைச் சாத்தி வைத்துவிட்டுக் குசினிவரை போய் வந்தார்.

அவர் விரும்பும்வரை இங்கே இருப்பார். நீங்கள் வான் கொண்டு வர வேண்டாம்.

நகுலேஸ்

•

கிங்ஸ்பரி
8 பெப்ரவரி 2025

தங்கச்சி நகுலேசுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் கிழித்து எழுதுகிறேன்.

நான் செய்தது பிழை. ஹவுசிங் ஒபிசுக்கு நேற்றுக் கடிதம் அனுப்பினேன். என் தங்கச்சி வீட்டை விடுவதாக ஒருபோதும் சொல்லவில்லை, அவள் சார்பில் கதைக்க எனக்கு அவள் அனுமதி தரவில்லை, நான் சொன்னது உண்மை இல்லை என்று எழுதினேன். பிரதி இத்துடன் இருக்கிறது.

படுக்கையறைச் சுவரைப் பற்றி நீ எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. மச்சானைப் பார்க்க எத்தனை தரம் வந்தேன். செற்றிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு ஊர்க்கதை கதைத்தேன். ஏன் ஹோலில் படுத்திருக்கிறீர் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

நீ தனியாக இருப்பாய் என்று பயந்தேன் என்று எழுதியிருந்தேன். உண்மையைச் சொன்னால், மங்கலம் ஆசுபத்திரியில் இருந்த மூன்று நாளும் நான் இந்த வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, நித்திரை கொள்ளவில்லை. அவளுக்கு ஒன்று ஆனால் என் கதி என்ன என்று அப்போதுதான் முதல் தரம் யோசித்தேன். பயம் எனக்குத்தான். அதை உன் பெயரில் எழுதிவிட்டேன்.

மன்னித்துக்கொள். நான் உன் வீட்டுக்கு வரலாமா? மங்கலம் என்னோடு திரும்பி வருவாளா? நீ அவளோடு கதைத்து எனக்கு ஒரு பதில் எழுது.

அண்ணன்

•

பார்க்கிங்
13 பெப்ரவரி 2025

அண்ணைக்கு,

ஹவுசிங் ஒபிசிலிருந்து நேற்றுக் கடிதம் வந்தது. குத்தகை என் பெயருக்கு மாறிவிட்டது. இன்று காலை பீலியைத் திருத்த ஏணி வைத்திருக்கிறார்கள். செடிகளைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இனி இன்னொரு அடுக்குப் போடுவேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் உங்கள் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாருங்கோ. பசளி போட்ட பருப்பு, வெந்தயக்கீரை வறை, மல்லிச் சம்பல். இலையெல்லாம் இந்த ஹோலில் முளைத்தது. கதவை முழுசாகத் திறந்து வைப்பேன்.

மச்சாள் விசயத்தை அவரிடம் சொன்னேன். மிளகாய்ப் பூவில் இருந்து தலையைத் திருப்பாமல், "வந்து என்னட்டைக் கேக்கட்டும். நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். முப்பத்தாறு வருசத்தில் நீங்கள் அவரை எதுவும் கேட்டதில்லையாம்.

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய பதிலை நான் எழுத மாட்டேன், அண்ணை. நீங்களே வந்து கேளுங்கோ.

நகுலேஸ்வரி